குவைத் ஃபேன்

என் அக்காவின் கணவர் இரண்டாவது விடுப்பில் குவைத்திலிருந்து வந்தபோது பெட்டியில் ஒரு ஃபேன் கொண்டுவந்தார். வீட்டில் மாட்டும் ஃபேன் அல்ல. காரின் ரேடியேட்டரைக் குளிரவைப்பது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம், கருப்புப் பிளாஸ்டிக் இறக்கைகள், நடுவே சின்னத் தேங்காய் அளவில் ஒரு மோட்டார், அதிலிருந்து சிவப்பிலும் கருப்பிலும் இரண்டு ஒயர்கள். அது உடையாமலிருக்க ஒரு கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அக்காவுக்கு வந்தது அந்தக் கம்பளி.

எண்பதுகளின் தொடக்கம். பாலக்கரைப் பக்கத்தில் எங்கள் சந்தில் அநேகமாக வீட்டுக்கு ஒருவர் அரபு நாட்டில் இருந்தார். யாராவது வந்து இறங்கினால் பெட்டி திறக்கும் நேரத்துக்கு அண்டை வீட்டுப் பெண்கள் வந்து நிற்பது வழக்கம். சென்ட் பாட்டில், சோப்பு, டேப் ரிக்கார்டர் என்று எதிர்பார்த்து நின்றவர்கள் ஃபேனைப் பார்த்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடி, உன் வீட்டுக்காரரு ஃபேன் கொண்டாந்திருக்காரு, கூண்டைக் காணோம்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"கூண்டுலதான் நான் இருக்கேனே, அது பத்தாதா?" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அக்கா சொன்னது வேடிக்கைக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும். கல்யாணமாகி நான்கு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முப்பத்தெட்டு நாள், முதல் விடுப்பில் ஐம்பத்தாறு நாள். இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்தது அவ்வளவுதான். நாட்களை அக்காதான் எண்ணி வைத்திருந்தாள். குழந்தை இல்லை. இந்த முறை இரண்டு மாத விடுப்பு. திரும்பிப் போனால் இன்னும் இரண்டு வருஷம்.

அவர் திரும்பிப் போகாமல் இருப்பதற்காக வந்ததுதான் அந்த ஃபேன்.

மச்சான் குவைத்தில் ஒரு கராஜில் எலெக்ட்ரீஷியன். அங்கே வரும் ஜப்பான் கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் ஃபேனை மின்சார மோட்டார்தான் சுற்றும் என்றார். நம் ஊர்க் கார்களில் அப்போது அப்படி இல்லை. எஞ்சின் ஒரு பெல்ட்டை இழுக்கும், பெல்ட் இரும்பு ஃபேனைச் சுற்றும். கார் வேகமாகப் போனால் எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். கூட்டத்தில் ஊர்ந்தால் எதிர்காற்றும் இல்லை, எஞ்சின் மெதுவாக ஓடுவதால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். தண்ணீர் கொதிக்கும். மின்சார ஃபேனுக்கு எஞ்சினின் வேகத்தோடு தொடர்பில்லை. கார் நின்றாலும் அது முழுவேகத்தில் சுற்றும்.

இதை ஊரில் யாருக்காவது செய்து காட்டினால் பழைய கார் வைத்திருப்பவர்கள் தேடி வருவார்கள் என்பது அவருடைய எண்ணம். செய்து காட்ட ஒரு கார் வேண்டும். அது மண்ணச்சநல்லூரில் இருந்தது.

எங்கள் அத்தா உயிரோடிருந்தவரை மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்களுக்குச் சாக்கு விற்றார். அதில் ஒரு மில் முதலாளியிடம் இங்கிலாந்தில் செய்த பழைய கார் ஒன்று இருந்தது. பதினெட்டு வருஷமாக அவரே ஓட்டினார். ஏகாதசி தவறாமல் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வருவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் அவருடைய கார் கொதிக்கும். கேட் திறந்ததும் பின்னால் நிற்கும் பஸ்களும் மாட்டுவண்டிகளும் அவரைத் தாண்டிப் போகும். அவர் நாமமும் பட்டுக்கரை வேட்டியுமாக, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் தண்ணீர் டின்னோடு நிற்பார். நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

மச்சானும் நானும் போய்ப் பேசினோம். அவர் முழுவதையும் கேட்டார்.

"இது நடக்குமா தம்பி?"

"குவைத் வெயில்லயே நடக்குது மொதலாளி. இதெல்லாம் ஒரு வெயிலா?"

"நடந்துச்சுன்னா டோல்கேட்டுல என் ஷெட் ஒண்ணு சும்மா கெடக்கு. எடுத்துக்குங்க. என் லாரி ரெண்டும் உங்ககிட்டத்தான் வரும். இன்னும் நாலு மில்லுக்காரங்ககிட்டயும் சொல்றேன்."

அன்றிரவு மச்சான் சாப்பிடும்போது அக்காவிடம், "இந்த ஃபேன் ஓடிடிச்சுன்னா நான் இங்கதான்" என்றார். அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். போதும் என்று அவர் கையால் மறித்தபோது குழம்பு விரல்மேல் விழுந்தது.

விடுப்பில் முப்பத்தொன்றாம் நாள் கார் எங்கள் சந்துக்கு வந்தது. சந்தின் அகலமும் காரின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. மச்சான் பாலக்கரையில் ஒரு மெக்கானிக்கிடம் ஸ்பேனர்கள் இரவல் வாங்கினார். அந்த மெக்கானிக் அறுபதை நெருங்கிய கிறிஸ்தவர். பழைய கார் என்றால் ஊரில் அவரிடம்தான் போவார்கள். வேலையை அவரிடமே கொடுத்துவிடலாம் என்றேன். மச்சான் கேட்கவில்லை.

"அவரு செஞ்சா அவரு செஞ்சதா ஆயிடும் மாப்ளே" என்றார்.

வேலை இரண்டு நாள் நடந்தது. பழைய இரும்பு ஃபேனைக் கழற்றினார். அது இருந்த இடத்தில், ரேடியேட்டருக்குப் பின்னால், இரும்புப் பட்டைகள் வளைத்து மின்சார ஃபேனைப் பொருத்தினார். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஸ்விட்ச் வைத்தார். சிவப்பு ஒயர் ஸ்விட்சுக்கு, கருப்பு ஒயர் காரின் உடம்பில் ஒரு போல்ட்டுக்கு. நான்கு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவந்த வேலை. பேட்டரியை அவர் தொடவில்லை. தொட அவசியமில்லை. அதன் முனைகளில் பச்சைக் களிம்பும் கிரீஸும் கனமாக மூடியிருந்தன.

எனக்கு நாளிதழ் அலுவலகத்தில் மாலை நேர வேலை. திருச்சிப் பதிப்பில் துணை ஆசிரியர். காலையில் வீட்டில் இருப்பேன். அதனால் சோதனை நடந்தபோது நான் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. மச்சான் பானெட்டை மூடினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டார்.

"மாப்ளே, முன்னாடி போய் நில்லு. எப்படி இருக்குன்னு சொல்லு" என்று கத்திவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

ஒரு விம்மல் சத்தம் எழுந்து ஒரே சீராக நின்றது. காரின் முகத்திலிருந்து காற்று வந்தது. என் லுங்கி கால்களோடு ஒட்டியது. சட்டை நெஞ்சோடு ஒட்டியது. சித்திரை மாசத்து வெயிலில் சந்துக்குள் இலைகூட அசையாத நேரம். எதிர்வீட்டுக்காரி வந்து என் பக்கத்தில் நின்று முக்காட்டைத் தளர்த்தினாள்.

"யா அல்லா, என்ன காத்து! இதக் கழட்டி எங்க ஜன்னல்ல மாட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லு தம்பி."

இன்னும் நான்கைந்து பேர் வந்தார்கள். வரிசையாக நின்று காற்று வாங்கினார்கள். அக்கா வாசற்படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?" என்றார் மச்சான் உள்ளிருந்து.

"பிரமாதமா இருக்கு மச்சான். சட்டையெல்லாம் ஒட்டுது. அப்படிக் காத்து வருது."

அவர் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். தலையைத் திருப்பவில்லை. அவருடைய கண் டேஷ்போர்டில் இருந்த வெப்ப முள்ளின்மேல் இருந்தது. எஞ்சின் அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடியது. முள் நடுவில் வந்து நின்றது. அதற்குமேல் ஏறவில்லை. பிறகு காந்தி மார்க்கெட் கூட்டத்துக்குள் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். அப்போதும் ஏறவில்லை. சனிக்கிழமை மெட்ராஸ் ரோட்டில் வேகமாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று திட்டம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதலாளி பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரம்பலூரில் அவருக்கு வேண்டியவர் ஒருவர் விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

துக்கத்துக்குப் போகிறவரிடம் சனிக்கிழமைவரை பொறுங்கள் என்று சொல்ல முடியாது. மச்சான் சாவியைக் கொடுத்தார். ஸ்விட்சைக் காட்டினார். முதலாளி ஏறி உட்கார்ந்து வழக்கப்படி முதலில் வெப்ப முள்ளைப் பார்த்தார். பதினெட்டு வருஷப் பழக்கம். அந்தக் கார் ஓடும்போது அவர் பாதி நேரம் ரோட்டையும் பாதி நேரம் முள்ளையும் பார்ப்பார்.

மச்சான் ஜன்னல்மேல் கையை ஊன்றிக் குனிந்து, "இனிமே முள்ளப் பாக்காதீங்க மொதலாளி. ரோட்டப் பாத்து நிம்மதியா ஓட்டுங்க" என்றார்.

கார் சந்தைவிட்டுப் போயிற்று.

பதினொன்றரைக்கு மில்லின் லாரி டிரைவர் வந்து சொன்னார். சமயபுரத்தைத் தாண்டி நாலைந்து மைலில் கார் நின்றுவிட்டது. எஞ்சின் இறுகிவிட்டது. ஜும்மா தொழுகைக்குக் குளித்துக்கொண்டிருந்த மச்சான் ஈரத் தலையோடு லாரியில் ஏறினார். நானும் ஏறினேன்.

காரின் மூக்கிலிருந்து ஆவி வருவது நின்றுபோயிருந்தது. சுட்ட எண்ணெய் நாற்றம் மட்டும் இருந்தது. கைகாட்டிய பஸ் எதுவும் நிற்காமல் முதலாளி ரோட்டோர மதகுக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். பெரம்பலூருக்கு எடுத்துப்போன ரோஜா மாலை வாழையிலைப் பொட்டலத்தோடு பக்கத்தில் இருந்தது. மச்சான் பானெட்டைத் திறந்தார், ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார். ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. அதே சீரான விம்மல்.

"சுத்துதே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"சுத்திக்கிட்டுத்தான் வந்துச்சு தம்பி. வேகமாப் போகப் போகச் சூடு ஏறியிருக்கு. நான் பாக்கல. பதினெட்டு வருஷத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் முள்ளப் பாக்காம ஓட்டினேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்நேரம் எடுத்திருப்பாங்க" என்றார்.

லாரி காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து பாலக்கரை மெக்கானிக்கின் வாசலில் விட்டது. மெக்கானிக் முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து காரின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். ஃபேனை ஓடவிடச் சொன்னார். ஒரு பீடியைப் பற்றவைத்து, கிரில்லுக்குப் பக்கத்தில் புகையை ஊதினார். புகை அவர் முகத்துக்கே திரும்பியது. மறுபடி ஊதினார். மறுபடி திரும்பியது.

"நிக்கும்போது கொதிச்சா காத்து பத்தலன்னு அர்த்தம். நிக்கும்போது கொதிக்காம ஓடும்போது கொதிச்சா காத்த ஏதோ மறிக்குது" என்றார். "தம்பி, இது உள்ள இழுக்கணும். இது வெளிய தள்ளுது."

மச்சான் கிரில்லுக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தார்.

மெக்கானிக் எழுந்து போய் ஒரு துணியால் பேட்டரி முனைகளைத் துடைத்தார். பச்சை உதிர்ந்தது. காரின் உடம்போடு இணைந்திருந்த முனையில் கூட்டல் குறி இருந்தது.

"வெள்ளக்காரன் பழைய வண்டி. இதுல பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். உங்க ஜப்பான் வண்டியில நெகட்டிவ் போகும். நீங்க அதே மாதிரி குடுத்திருக்கீங்க. மோட்டார் திருப்பிச் சுத்துது. அவ்வளவுதான். வெள்ளக்காரன் அப்படித்தான், எதையும் நேரா மாட்ட மாட்டான்" என்று சிரித்தார். அவர் மட்டும் சிரித்தார்.

நின்ற இடத்தில் காற்று எந்தப் பக்கம் போனாலும் ரேடியேட்டர் ஓரளவு குளிரும். அதனால்தான் வியாழக்கிழமை முள் ஏறவில்லை. வேகமாகப் போகும்போது எதிர்காற்று உள்ளே வரப் பார்த்தது, ஃபேன் அதை வெளியே தள்ளியது. இரண்டுக்கும் நடுவில் ரேடியேட்டரில் காற்றே இல்லாமல் போயிற்று. மச்சான் குனிந்து இரண்டு ஒயர்களையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். மெக்கானிக் மறுபடி புகை ஊதினார். புகை கிரில்லுக்குள் நேராகப் போய் மறைந்தது.

எஞ்சினைப் பிறகு பிரித்தார்கள். ஹெட் வளைந்திருந்தது. பிஸ்டன்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு நடந்து வந்தோம். கால்வாசித் தூரம் வந்ததும் அவர் கேட்டார்.

"நீ முன்னாடி நின்னப்ப சட்டை ஒட்டுதுன்னு சொன்னேல்ல."

"ஆமா மச்சான்."

"எனக்குக் காதுல விழுந்துச்சு. முள்ளப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். சட்டை ஒட்டுதுன்னா என்னன்னு குவைத்துல நேத்து வந்தவன்கூடச் சொல்லிடுவான்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். அதற்குள் அவர், "உன் மேல தப்பில்ல. உங்க அக்காட்ட இதச் சொல்லாத. ஃபேன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

ஒரு வாரம் கழித்து முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. டோல்கேட் ஷெட்டில் தவிட்டு மூட்டை அடுக்க வேண்டியிருக்கிறது, தம்பி வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் மச்சானுக்குத் தேவலை என்று எனக்குத் தோன்றியது. திட்டியவரிடம் போய் ஏதாவது பேசலாம்.

பாலக்கரை மெக்கானிக் தன்னிடமே வேலைக்கு வரச் சொன்னார். ஒயர் வேலைக்கு அவரிடம் ஆளில்லை. உண்மையாகவே கூப்பிட்டார், இரண்டு முறை வீட்டுக்கு வந்தார், அந்த ஃபேனையும் தனக்கே கொடுத்துவிடும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வெளியே வந்தாள்.

"போங்களேன். பக்கத்துலதானே இருக்கு. மத்தியானம் சோத்துக்கு வந்துடலாம்."

"அவரு பட்டறையிலயா?"

"ஏன், அவரு பட்டறைக்கு என்ன?"

"வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் பீடிய ஊதிக் காட்டிக்கிட்டு இருப்பாரு."

அக்காவுக்கு அது புரியவில்லை. புரியும்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பிரித்தேன்.

மீதி நாட்களில் மச்சான் சந்தில் அதிகம் தலைகாட்டவில்லை. எதிர்வீட்டுக்காரி ஒருநாள், "காத்து வித்தவரு எங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அக்கா பதில் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விடுப்பு முடிய மூன்று நாள் இருந்தபோது அவர் கிளம்பினார். மெட்ராஸ் போய், பம்பாய் போய், அங்கிருந்து விமானம். நான் ஜங்ஷன்வரை போனேன். அக்கா வரவில்லை. வாசல்வரைகூட வரவில்லை, சமையலறையில் பால் காய்ந்துகொண்டிருக்கிறது என்றாள். ரயில் வர நாற்பது நிமிஷம் தாமதம். பிளாட்பாரத்தில் அவர் என் வேலையைப் பற்றி விசாரித்தார். ரயில் வந்ததும் ஏறிவிட்டார். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் இந்தப் பக்கம் திரும்பி உட்காரவில்லை.

அக்கா அந்த ஃபேனுக்கு என்ன ஆயிற்று என்று உடனே கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கேட்டாள். நான் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தேன். அலுவலகத்துக்குப் போக இன்னும் நேரமிருந்தது.

"ஃபேன் கெட்டுப்போச்சுன்னாரு. கெட்ட ஃபேன மெக்கானிக் ஏன் எனக்குக் குடுத்துடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு?"

சொன்னேன். ஒரு விபத்துச் செய்தி எழுதுவதுபோல வரிசையாகச் சொன்னேன். பேட்டரி, ஒயர், பீடிப் புகை, எதிர்காற்று. அவள் நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"நீதானே முன்னாடி நின்னே?"

"ஆமா."

"அது எந்தப் பக்கம் அடிக்கணும்னு உனக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியாது."

"தெரியாதப்ப எதுக்குடா பிரமாதமா இருக்குன்னு சொன்னே?"

எல்லோரும்தான் அப்படிச் சொன்னார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்காமல் சோற்றுப் பாத்திரத்தை மூடி உள்ளே எடுத்துப்போனாள். கையைக் கழுவிக்கொண்டு வழக்கத்தைவிட முன்னதாகவே அலுவலகத்துக்குக் கிளம்பினேன். மச்சான் வர இன்னும் இருபத்திரண்டு மாதம் இருந்தது.